மூன்று நிமிஷத்தில் முடிந்த பாட்டுகள்: 1900 முதல் 1930 வரையான இசைத்தட்டுகளை எப்படிக் கேட்பது?

கேள்வி இதுதான்: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மேல்நாட்டு இசைத்தட்டுகளைக் கேட்டால் எல்லாப் பாட்டும் மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. பாடகர்கள் பாடுவதைவிடக் கத்துவதே அதிகம். ஒரே பாட்டை ஏழெட்டுப் பேர் பாடியிருக்கிறார்கள். இதில் யாருடையது அசல்? அந்தக் காலத்தில் 'ஹிட்' என்றால் என்ன பொருள்?

சுருக்கமான பதில்: நீளமும் கத்தலும் ரசனையால் வந்தவை அல்ல. அன்றைய கருவியால் எது முடிந்ததோ அதற்குள் பாட்டு தன்னை மடக்கிக்கொண்டது. ஒரே பாட்டை ஏழெட்டுப் பேர் பாடியதற்குக் காரணம், அப்போது பாட்டு என்ற சரக்கு தட்டில் விற்கவில்லை, தாளில் விற்றது. இனி விரிவாகப் பார்க்கலாம். கத்தலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வருகிறது.

1925 வரை ஒலிப்பதிவில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. மைக் கிடையாது, ஆம்ப்ளிஃபயர் கிடையாது. பதிவு அறையின் தடுப்புச் சுவரில் ஒரு துளை, அதன் வழியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கூம்பு, சில சமயம் இரண்டு. கூம்பின் குறுகிய முனை சுவருக்கு அப்பால் இருக்கும். அங்கே மெல்லிய தகடு ஒன்று, அதோடு பிணைத்த கூர்முனை, அதன் கீழே சுழலும் தடித்த மெழுகுத் தட்டு. தட்டை ஒரே சீராகச் சுழற்றியது கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட எடை. அந்தப் பக்கம் பாடகர்களை எட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள். பதிவு செய்யும் நிபுணர்கள் தங்கள் கூம்பின் அளவையும் தகட்டின் கனத்தையும் தொழில் ரகசியமாக வைத்திருந்தார்கள்.

பாடுபவரின் குரல் கூம்புக்குள் புகுந்து தகட்டை அதிரவைக்கும். அந்த அதிர்வில் கூர்முனை ஆடும். மெழுகில் விழும் கோடு நெளியும். அந்த நெளிவுக்குத் தேவையான சக்தி முழுவதும் பாடகரின் தொண்டையிலிருந்தே வந்தாக வேண்டும், கூட்டிக் கொடுக்க வேறு எதுவும் இல்லை. மெல்லப் பாடினால் கோடு கிட்டத்தட்ட நேராக ஓடும், தட்டு திரும்பிச் சுழலும்போது இரைச்சல்தான் கேட்கும். அதற்காக ஒரேயடியாக உரக்கப் பாடவும் முடியாது. உச்ச ஸ்தாயியில் அழுத்திப் பிடித்தால் கூர்முனை துள்ளிப் பக்கத்துக் கோட்டுக்குள் பாயும், தட்டு வீண். அதனால் பாடகர் தணிந்த இடங்களில் கூம்புக்குள் முகத்தை நுழைப்பார், ஏறும் இடங்களில் பின்வாங்குவார். பழக்கமில்லாதவர்களைத் தோளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்த ஆள் நின்றதுண்டு. நடுவில் தப்பு விழுந்தால் வெட்டி ஒட்ட வழியில்லை, முதலிலிருந்து பாட வேண்டியதுதான். பாடியதைப் போட்டுக் கேட்கலாம் என்றால் மெழுகு கெட்டுவிடும், பிரதிகள் எடுக்கும் அச்சுக்கு அது உதவாது. தான் எப்படிப் பாடினோம் என்று பாடகருக்குத் தெரிவதற்குப் பல வாரம் ஆகும்.

வாத்தியக்காரர்கள் பாடு இதைவிட மோசம். சாதாரண வயலினின் ஒலி கூம்புக்கு எட்டாது. அதற்காகவே அகஸ்டஸ் ஸ்ட்ரோ என்பவர் 1899 வாக்கில் மர உடலுக்குப் பதில் தகடும் உலோகக் கூம்பும் பொருத்திய வயலினை உருவாக்கினார். முதல் கால்நூற்றாண்டுத் தட்டுகள் பலவற்றில் நீங்கள் வயலின் என்று கேட்பது அதைத்தான். டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் அடி ஸ்வரங்கள் பதிவாகாது, அந்த வேலையை டியூபா என்ற பித்தளை ஊது வாத்தியம் எடுத்துக்கொண்டது. பியானோவை மேடை கட்டி ஏற்றி, பின்பலகையைக் கழற்றிக் கூம்புப் பக்கம் திருப்பி வைப்பார்கள். பிரெஞ்சு ஹார்ன் ஊதுபவர்களின் வாத்திய வாய் பின்னோக்கி இருக்கும் என்பதால், அவர்கள் கூம்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இசைக்குழுவை நடத்துபவரைக் கண்ணாடியில் பார்த்து ஊதினார்கள். பெரிய முரசுகளை இந்த அறைகள் பெரும்பாலும் உள்ளேயே விடவில்லை. அது விழுந்த அடியில் கூர்முனை குதித்துவிடும்.

இப்படியெல்லாம் செய்தும் பதிவானது ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸிலிருந்து 2,500 ஹெர்ட்ஸ் வரையான பட்டைதான். ஸ, ஷ போன்ற சீறும் ஒலிகள் அதற்கு மேலே இருப்பவை, அவை காற்றோடு போயின. சொல் புரிய வேண்டுமானால் மெய்யெழுத்துகளை அறைந்து உச்சரிக்க வேண்டும். பில்லி மர்ரி என்ற பாடகர் அமெரிக்காவில் இருபது ஆண்டு ஓய்வில்லாமல் பதிவு செய்தது இந்த ஒரு திறமையால்தான். ஒவ்வொரு சொல்லையும் ஆணி அடிப்பதுபோல் இறக்குவார். இன்று கேட்டால் சலிப்பூட்டலாம். ஆனால் அதே மாதத்தில் வந்த வேறு பாடகர் ஒருவரின் தட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மர்ரி பாடியதில் மட்டும் கதை முழுவதும் புரியும். ஆழமான அடிக்குரலையும், காற்றோடு கலந்த மெல்லிய குரலையும் கூம்பு ஏற்கவில்லை. உறுதியான டெனர் குரல் (ஆண்களின் மேல் ஸ்தாயிக் குரல்), பான்ஜோ, சைலஃபோன், பித்தளை பேண்டு ஆகியவற்றை ஏற்றது. முதல் இருபத்தைந்து ஆண்டுப் பட்டியல்களைப் புரட்டினால் இவைதான் நிறைந்திருக்கும். ஊரே பான்ஜோ பைத்தியமாக இருந்தது என்று அதை வைத்து முடிவுகட்டக் கூடாது.

அடுத்தது நீளம். எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபைச் செய்தார், எமில் பெர்லினர் 1887இல் கிராமபோனுக்குக் காப்புரிமை கேட்டார். முன்னது உருளை, பின்னது தட்டு. 1900ஐ ஒட்டி விற்ற மெழுகு உருளையில் இரண்டு நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும். 1908இல்தான் எடிசன் கம்பெனி நெருக்கமான கோடு போட்டு நான்கு நிமிஷ உருளை கொண்டுவந்தது. 1901இல் வந்த பத்து அங்குலத் தட்டில் மூன்று நிமிஷம் கொண்டது, 1903இல் வந்த பன்னிரண்டு அங்குலத்தில் நான்கைச் சற்றுத் தாண்டியது. பன்னிரண்டு அங்குலம் விலை கூடுதல், அது ஆபராவுக்கும் சாஸ்திரிய இசைக்கும் போயிற்று. ஜனரஞ்சகப் பாட்டுக்குப் பத்து அங்குலம். அந்த வட்டத்தின் சுற்றளவு ஒரு பாட்டின் நீளத்தை அடுத்த அரை நூற்றாண்டுக்கு நிர்ணயித்துவிட்டது.

அதற்கு முன்னால் பாட்டுகள் எப்படி இருந்தன? 1892இல் வெளிவந்த சார்ல்ஸ் ஹாரிஸின் 'ஆஃப்டர் தி பால்' அந்தக் காலத்தின் மாபெரும் வெற்றி. மூன்று நீண்ட சரணங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் வால்ட்ஸ் நடையில் பல்லவி. ஒரு கிழவர் குழந்தையிடம் தன் தோற்றுப்போன காதலைச் சொல்லும் முழுக் கதை அது. மூன்று சரணத்தையும் மேடையில் பாடி முடித்தால்தான் கடைசியில் வரும் திருப்பம் விளங்கும். இதை இரண்டு நிமிஷ உருளையில் அடைக்கவே முடியாது. பதிவில் ஒரு சரணமும் பல்லவியும் போதும் என்றாகிவிட்டால், கதையின் திருப்பத்துக்கு இடமேது? அதனால் பாட்டெழுதுபவர்கள் மெல்லச் சரணத்தைச் சுருக்கினார்கள், கதையை விட்டார்கள், பல்லவியில் முழு உழைப்பையும் கொட்டினார்கள். 1920களில் வந்த பாட்டுகளைப் பாருங்கள்: சரணம் வெறும் முன்னுரையாகிவிட்டது, எட்டெட்டு தாள அளவுகளாக (bar) நான்கு பகுதி கொண்ட 32 அளவுப் பல்லவிதான் பாட்டே. மூன்று நிமிஷத்தில் ஒருமுறை இசைக்குழு, ஒருமுறை குரல், மறுபடி இசைக்குழு என்று அது கச்சிதமாக உட்கார்ந்துவிடும். தட்டு ஒன்றுதான் இதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். 1914இல் தொடங்கிய ஃபாக்ஸ்ட்ராட் நடன மோகத்துக்கும் பங்குண்டு. ஆடுகிறவர்களுக்குக் கதை தேவையில்லை, தாளம் வேண்டும், திரும்பத் திரும்ப வரும் மெட்டு வேண்டும். அதே ஆண்டுகளில் விக்டர் கம்பெனி வெர்னன்–ஐரீன் காசில் என்ற நடனத் தம்பதியின் பெயரைப் போட்டே நடனத் தட்டுகள் வெளியிட்டது. அவற்றில் வாசித்த ஜேம்ஸ் ரீஸ் யூரப்பின் கறுப்பர் இசைக்குழுவைக் கேட்டால், அந்தக் கூம்புக்குள் இவ்வளவு துள்ளலை எப்படி அடைத்தார்கள் என்று வியப்பாக இருக்கும்.

இனி 'அசல்' விஷயம். இதில்தான் இன்றைய கேட்பவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நமக்குப் பாட்டு என்றால் ஒரு குறிப்பிட்ட பதிவு, அதை வேறொருவர் பாடினால் அது மறுபாடல். 1905இல் அப்படியில்லை. பாட்டு என்பது பியானோ நொடேஷனும் வரிகளும் அச்சிட்ட தாள். நியூயார்க்கில் மேற்கு 28ஆம் தெருவில் பதிப்பகங்கள் ஒட்டி ஒட்டி இருந்தன. டின் பேன் ஆலி என்று பெயர் பெற்ற இடம் அது. அவர்களுக்குச் சம்பாத்தியம் தாள் விற்பதில். நடுத்தர வர்க்கத்து வீட்டில் பியானோ இருக்கும், வாசிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி இருப்பாள், அவள் வாங்கும் தாள்தான் இலக்கு. 'ஆஃப்டர் தி பால்' பத்து லட்சக் கணக்கில் விற்றது என்றால் அது தாளின் கணக்கு.

தாளை விற்கப் பாட்டைக் காதில் போட வேண்டும். அதற்கென்றே பதிப்பகங்கள் ஆள் வைத்திருந்தன, சாங் பிளக்கர் என்று பெயர். மலிவுக் கடைகளின் இசைத்தாள் பகுதியில் நாள் முழுவதும் பியானோ வாசிப்பது, நாடகக் கொட்டகையின் மாடியில் பொதுஜனம் மாதிரி உட்கார்ந்து பல்லவி வரும்போது எழுந்து கூடப் பாடுவது, மேடைப் பாடகர்களைப் பிடித்து 'இதைப் பாடுங்கள்' என்று நச்சரிப்பது எல்லாம் இவர்கள் வேலை. ஜார்ஜ் கெர்ஷ்வின் பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டுச் சேர்ந்தது இந்த வேலையில்தான். இசைத்தட்டும் ஆரம்பத்தில் பதிப்பகங்களுக்கு இன்னொரு பிளக்கர், அவ்வளவே. ஒரு பாட்டு பிடித்துக்கொண்டதும் விக்டர், கொலம்பியா, எடிசன் என்று ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே ஒரு பதிவை இறக்கும். கடைக்காரர் எந்தக் கம்பெனிச் சரக்கை விற்கிறாரோ அந்தப் பதிவு அந்த ஊருக்குக் கிடைக்கும். பல சமயம் எல்லாக் கம்பெனிக்கும் பாடியது ஒரே ஆள். ஹென்றி பர் ஒரு கம்பெனிக்கு அந்தப் பெயரில் பாடுவார், இன்னொன்றுக்கு இர்விங் கில்லெட். இயற்பெயர் இரண்டுமில்லை, ஹாரி மெக்ளாஸ்கி. பின்னால் வந்த வெர்னன் டால்ஹார்ட்டின் புனைபெயர்கள் நூறைத் தாண்டும். வெர்னன் டால்ஹார்ட் என்பதே டெக்சஸில் உள்ள இரண்டு ஊர்ப் பெயர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டதுதான். ஆகவே 1910இல் வந்த ஏழு பதிவுகளில் எது அசல் என்று தேடுவது வீண் வேலை. ஏழுமே தாளுக்குக் கிளைகள்.

சட்டமும் இப்படித்தான் பார்த்தது. தானியங்கி பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருள்களை விற்றவர்கள் மெட்டுக்குப் பணம் தரவேண்டுமா என்ற வழக்கில், மனிதன் படிக்க முடியாத சுருள் நகல் ஆகாது என்று 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிப்பகங்கள் கொதித்தன. பேண்டு இசை மேதை ஜான் ஃபிலிப் சூசா அதற்கு முன்பே பேசும் இயந்திரங்கள் இசைக் கலையைக் கெடுத்துவிடும் என்று எழுதியும் நாடாளுமன்றக் குழு முன் பேசியும் வந்தார். அவருடைய பேண்டின் பெயரில் தட்டுகள் விற்றுக்கொண்டிருந்ததும் அதே சமயத்தில்தான். 1909இல் புதிய சட்டம் வந்தது: ஒரு பாட்டின் முதல் பதிவுக்கு உரிமையாளர் அனுமதி தந்துவிட்டால், அதன்பின் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், தட்டு ஒன்றுக்கு 2 சென்ட் கொடுத்தால் போதும். இந்த 2 சென்ட் 1978 வரை மாறவில்லை. பாட்டெழுதியவருக்குச் சட்டம் இப்படியாவது ஒரு வழி செய்தது. பாடிய குரலுக்கோ, பதிவுக்கோ அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தனியுரிமையே 1972 வரை கிடையாது. பெரும்பாலான பாடகர்கள் பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு போனார்கள்.

கூலி என்ற சொல் மிகையில்லை. 1890களில் மெழுகு உருளையை மொத்தமாகப் பிரதியெடுக்கச் சரியான வழி இல்லாத காலத்தில், நான்கைந்து கருவிகளை எதிரில் வரிசையாக வைத்து ஒருமுறை பாடுவார்கள், உருளைகளை மாற்றுவார்கள், மறுபடி அதையே பாடுவார்கள். அடிமையாகப் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் ஜான்சன் தன் 'லாஃபிங் சாங்' பாட்டை இப்படி எத்தனையோ ஆயிரம் உருளைகளுக்குப் பாடினார், ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்பைச் சிரித்து. அமெரிக்காவில் பதிவின் மூலம் பெயர் பெற்ற முதல் கறுப்பினப் பாடகர் அவர். கறுப்பர்களைக் கேலி செய்யும் வரிகளைப் பாடித்தான் அந்தப் பெயர் கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலப் பட்டியல்களில் இந்தக் கேலிப் பாட்டு ஒரு தனி வகையாகவே அச்சாகியிருக்கும், வெள்ளைக்காரப் பாடகர்கள் கறுப்பர் பேச்சைப் போலி செய்து பாடியவை கணக்கில்லை. பழைய தட்டு கேட்கப் புகுகிறவர் இதைத் தாண்டிப் போக முடியாது. 1902இல் உலோக அச்சில் வார்த்த உருளைகள் வந்த பிறகு ஜான்சன் போன்றவர்களுக்கு அந்த வேலையும் போயிற்று. ஒருமுறை பாடினால் போதுமே.

தட்டுக்கு மரியாதை எப்போது வந்தது என்றால், ஆபராவால் வந்தது. லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் 1902 ஏப்ரலில் மிலான் நகர விடுதி அறையில் என்ரிகோ கருசோவைப் பத்துப் பாட்டுக்கு 100 பவுனுக்குப் பதிவு செய்தார். இவ்வளவு தொகை கூடாது, பதிவு செய்யாதே என்று தலைமையகத்திலிருந்து தந்தி வந்ததாகவும், தான் அதைக் கண்டுகொள்ளவில்லை என்றும் பின்னாளில் எழுதினார். கருசோவின் குரல் கூம்புக்கென்றே பிறந்தது. நடுவில் கனம், மேலே கீறல் இல்லை. அமெரிக்காவில் விக்டர் கம்பெனி சிவப்பு லேபிள் ஒட்டி இத்தகைய தட்டுகளைத் தனி வரிசையாக விற்றது. 1908இல் கருசோ உள்ளிட்ட ஆறு பேர் பாடிய லூச்சியா ஆபராப் பகுதியை ஒரு பக்கம் மட்டும் பதிந்த தட்டாக 7 டாலருக்குக் கடையில் வைத்தார்கள். ஜனரஞ்சகப் பாட்டு ஒரு டாலருக்கும் குறைவாகக் கிடைத்த நாளில் இந்த விலை. கம்பெனியின் லாபம் மலிவுத் தட்டிலிருந்து வந்தது, கௌரவம் 7 டாலர் தட்டிலிருந்து.

அதே கெய்ஸ்பெர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் இருந்தார். கம்பெனி அவரை ஆசியா முழுவதும் அனுப்பியதற்குக் காரணம் எளிது: கருவி விற்க வேண்டுமானால் அந்தந்த ஊர்ப் பாட்டு வேண்டும். அங்கே அவர் பதிவு செய்த பாடகி கௌஹர் ஜான், மணிக்கணக்கில் விரியும் பாடுமுறையை மூன்று நிமிஷத்துக்குள் கொண்டுவந்து, முடிவில் ஆங்கிலத்தில் தன் பெயரை அறிவித்து முடித்தார். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹானோவரில், அங்குள்ள தொழிலாளிக்கு எந்தத் தட்டு யாருடையது என்று தெரிய வேண்டுமே. கல்கத்தாவிலேயே அச்சு ஆலை 1908இல் வந்தது. சொல்லப்போனால் உலகத்துத் தட்டுகளெல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இந்தியச் சரக்குதான். தட்டில் உள்ள கல்பொடியைப் பிணைக்கும் அவலரக்கு (ஷெல்லாக்) பெரும்பாலும் சோட்டா நாக்பூர்க் காடுகளின் அரக்குப் பூச்சியிடமிருந்து போனது. தட்டின் எடையில் பெரும்பங்கு கல்பொடி என்பதால்தான் முள்ளை உரசித் தேய்த்தது. எஃகு முள்ளை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றச் சொல்லிக் கம்பெனிகள் மன்றாடின. யாரும் மாற்றவில்லை என்பதற்கு இன்று கிடைக்கும் தட்டுகளின் சாம்பல் நிறமே சாட்சி.

வெளிநாடுகளில் உள்ளூர் இசையைத் தேடிப்போன கம்பெனிகள், அமெரிக்காவுக்குள்ளேயே அதைச் செய்ய 1920 வரை எடுத்துக்கொண்டன என்பது வேடிக்கை. அந்த ஆகஸ்டில் ஓகே கம்பெனி மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியைக் கொண்டு 'கிரேஸி புளூஸ்' பதிவு செய்தது. எதிர்பாராத விற்பனை. கறுப்பர்கள் தட்டு வாங்கமாட்டார்கள் என்று தொழில் முழுவதும் நம்பியிருந்த ஒன்று ஒரே பருவத்தில் உடைந்தது. 1923இல் பெஸ்ஸி ஸ்மித் கொலம்பியாவுக்குப் பாட வந்தார். அதே ஆண்டு அட்லாண்டாவில் ஃபிடில் வாசித்துப் பாடும் ஜான் கார்ஸனைப் பதிவு செய்தார்கள். பதிவுக்குப் பொறுப்பேற்றிருந்த ரால்ஃப் பியருக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை, ஆனால் தட்டு விற்றது. பியர் பாடம் படித்துக்கொண்டார். 1927 கோடையில் டென்னசி எல்லையில் உள்ள பிரிஸ்டல் என்ற சிற்றூரில் கருவியை இறக்கி, ஜிம்மி ராட்ஜர்ஸையும் கார்ட்டர் குடும்பத்தையும் சில நாள் இடைவெளியில் பதிவு செய்தார். இந்த மக்களின் பாட்டு 28ஆம் தெருவின் தாளிலிருந்து வந்ததில்லை. பெஸ்ஸி ஸ்மித் ஒரு ஸ்வரத்தை எங்கே வளைக்கிறார் என்று எழுதிக்காட்ட நொடேஷனால் முடியாது. அதைத் தட்டில்தான் கேட்க முடியும். பாட்டு தாளிலிருந்து தட்டுக்கு இடம்பெயர்ந்தது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. இதற்குப் பிறகுதான் 'அசல் பதிவு' என்ற பேச்சுக்கே பொருள் வருகிறது.

1925இல் மைக் வந்தது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் உருவான மின்பதிவு முறையை விக்டரும் கொலம்பியாவும் உரிமம் பெற்று அந்த ஆண்டே பயன்படுத்தத் தொடங்கின. பதிவாகும் பட்டை 100 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரை விரிந்தது. டபுள் பேஸ் திரும்பி வந்தது, முரசு உள்ளே வந்தது, வயலினின் கூம்பு கழன்றது. மெதுவாகப் பாடினாலும் பதிவாகும் என்றதும் பாடும் முறையே மாறியது. 1927இல் ஜீன் ஆஸ்டின் பாடிய 'மை புளூ ஹெவன்' பெரும் விற்பனை கண்டது. அறையின் அடுத்த மூலைக்குக்கூட எட்டாத குரலில், காதருகே பேசுவதுபோல் பாடியிருப்பார். பில்லி மர்ரியின் ஆணிகளுக்கு இனி வேலையில்லை. தொழிலுக்கு இது பொற்காலமாக அமையவில்லை என்பதுதான் சோகம். வானொலி இலவசமாகப் பாடிக்கொண்டிருந்தது, பின்னாலேயே பொருளாதார மந்தம் வந்தது. எடிசன் கம்பெனி 1929 அக்டோபரில் தட்டுத் தொழிலை மூடியது, விக்டர் அதே ஆண்டு வானொலிக் கம்பெனியான ஆர்.சி.ஏ.வின் கைக்குப் போனது.

'ஹிட்' பற்றி ஒரு எச்சரிக்கை. '1906இன் முதலிடப் பாடல்கள்' என்றெல்லாம் பட்டியல்கள் உலவுகின்றன. அப்படி ஒரு தரவரிசை அன்று இருக்கவே இல்லை. நாடு முழுவதற்குமான தட்டு விற்பனைப் பட்டியலைப் பில்போர்டு இதழ் வெளியிடத் தொடங்கியது 1940இல். அதற்கு முந்தையவை கிடைத்த துண்டுத் தகவல்களை வைத்துப் பிற்காலத்தில் கட்டியவை. சில பாட்டுகள் பரவலாக அறியப்பட்டவை என்பதற்கு மேல் அவற்றை நம்பாதீர்கள். ஒரு பாட்டு உண்மையிலேயே பரவியதா என்று அறிய எளிய வழி, எத்தனை கம்பெனிகள் அதைப் பதிவு செய்தன, எத்தனை ஆண்டு பட்டியலில் வைத்திருந்தன என்று பார்ப்பது.

கேட்பதற்கு அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் நேஷனல் ஜூக்பாக்ஸ் இணையதளத்தில் விக்டர் தட்டுகள் ஆயிரக்கணக்கில் இலவசமாக உள்ளன. உருளைகளுக்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா காப்பகம். தெருவில் போவோர் வருவோரெல்லாம் ஏற்றிய பதிவுகளில் வேகத்தைக் கவனியுங்கள். 78 சுற்று என்பது 1925ஐ ஒட்டி நிலைபெற்ற அளவு. அதற்கு முந்தைய தட்டுகள் 70க்கும் 80க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கும். 74இல் பதிவானதை 78இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரை ஸ்வரம் ஏறி, நல்ல பாடகரும் மூக்கால் கீச்சிடுவார். குரல் பொம்மைக் குரலாகத் தோன்றினால் பாடகரைத் திட்டுவதற்குமுன் வேறொரு பதிவேற்றத்தைத் தேடுங்கள்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், அர்ஜென்டினாவின் தாங்கோ பாடகர் கார்லோஸ் கார்டெல்லின் 'மி நோச்சே திரிஸ்தே' என்பேன். தாங்கோவை ஆடுவதிலிருந்து பாடுவதற்குத் திருப்பிவிட்ட பாட்டு என்று அதைச் சொல்வார்கள். அவர் அதை புவனோஸ் ஐரஸில் 1917இல் கூம்பின் முன்னும், 1930இல் மைக் முன்னும் பாடியிருக்கிறார். முதலில் 1917 பதிவு. கிதார் எங்கோ தொலைவில் இருக்கும், கார்டெல் அதற்கு மேலே முழுக் குரலில் நின்று பாடுவார். பிறகு 1930 பதிவு. கிதார்கள் பக்கத்தில் வந்துவிடும், அவர் வரிகளைப் பிந்தவிட்டும் முந்தவிட்டும் பேசுவதுபோல் இறக்குவார். ஒன்றைக் கேட்ட கையோடு மற்றதைக் கேளுங்கள், ஆறு நிமிஷம்தான்.